நெத்திலிப் பொட்டலம் உனக்குத்தான்

பினாங்கு
மார்ச் 3

அன்புள்ள பட்டு,

நலம். வீட்டில் எல்லாரும் சுகந்தானே? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வந்தவள் எங்கள் வீட்டுப் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனாய் என்று கேட்டதும் மனசே சரியில்லை. சொல்லாமல் போனது தப்புதான். ஓய்வு பெற்றதும் கடற்கரையில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பது உன் அண்ணனின் வெகுநாள் ஆசை. பத்து நாளுக்கென்று தரங்கம்பாடிக்குக் கிளம்பி நாற்பது நாள் தங்கிவிட்டோம்.

மாயவரத்தில் ரயிலை விட்டிறங்கி பஸ் பிடித்தால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் இரண்டே நாளில் பார்த்தாயிற்று. அப்புறம் என்ன வேலை? மீன்தான்.

ஆறரைக்குச் சூரியன் கடலிலிருந்தே எழும்பிவரும். நமக்கு அந்த நேரம் நல்ல தூக்கம். வாடைக்காற்றில் முந்தானை நிற்காது. படகுகள் கரையேறியதும் மணலிலேயே ஏலம். கூறுகிறவர் வேகத்துக்கு முதல் வாரம் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் வாரம் நானே ஒரு கூறு சங்கராவை ஏலத்தில் எடுத்தேன், பட்டு! நம் தெங்கிரிதான் அங்கே வஞ்சிரம். கெம்புங்கைக் காட்டினால் கானாங்கெளுத்தி என்கிறார்கள். பசியாறலுக்கு இட்லியும் மீன்குழம்பும். இனி பாசாரில் ஐஸில் கிடக்கிற மீனை எப்படி வாங்குவேன் என்று தெரியவில்லை.

எங்களுக்கு வாடிக்கையாக ஒரு மீன்காரம்மா. அரிவாள்மனையை மிதித்து உட்கார்ந்தால், செதிளைச் சீவி, செவுளை ஒரே இழுப்பில் பிடுங்கி, கண் மூடித் திறப்பதற்குள் மீனை அலசி வைத்துவிடுவார். ஒருநாள் கை வேலையை நிறுத்தாமலே கேட்டார், "அந்தத் தண்ணி உங்க ஊருக்கும் வந்துச்சாம்மா?"

சுனாமியைத்தான் கேட்கிறார். வந்தது, பினாங்கில் மட்டும் 50 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்றேன். "எத்தனை மணிக்கு?" மதியம் ஒரு மணிக்கு மேல் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எங்களுக்குக் காலையில ஒம்பது மணிவாக்குல வந்துச்சு. என் தங்கச்சி அப்பத்தான் மீன் எடுக்கப் போனா."

இரண்டு ஊர் நேர வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் அங்கேதான் முதலில், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் முன்னால். நிலநடுக்கம் வந்த சுமத்ரா நமக்குத்தானே பக்கம்? உன் அண்ணன் குச்சியால் மணலில் வரைந்து காட்டினார். மேற்கே ஆழக்கடல், தடுக்க ஒன்றும் இல்லை, அலை விமான வேகத்தில் ஓடியிருக்கிறது. நம் பக்கம் சுமத்ராவே சுவர் மாதிரி நிற்கிறது. அச்சே முனையைச் சுற்றி ஆழமில்லாத நீரிணைக்குள் வரும்போது வேகம் செத்துவிட்டது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அந்த அம்மா மணலில் வரைந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் பேசவில்லை. அங்கே போய்ச் சேர்ந்து இத்தனை பேரை எடுத்த பிறகும் நமக்கு நேரம் இருந்திருக்கிறது, யாரும் வந்து சொல்லவில்லை. இது என் நெஞ்சிலேயே நிற்கிறது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். பன்னிரண்டு மணிக்கெல்லாம் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பாய் விரித்திருக்க வேண்டும். நீ சம்பலுக்கு நெத்திலி பொரித்துக்கொண்டே இருந்தாய். சின்னவன் அழுகிறான், வெயில் ஏறுகிறது என்று உன்னை என்னென்னவோ சொன்னேன், கரண்டியைக்கூடப் பிடுங்கினேன். ஒன்றே காலுக்குத்தான் காரை எடுத்தோம், வழியில் தஞ்சோங் பூங்காவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் எத்தனை தீபாவளி வந்துபோனது! அன்று பேசியதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், பட்டு. அந்தப் பேச்சை மனசில் வைத்துக்கொள்ளாதே.

இதை மீன்காரம்மாவிடமும் சொன்னேன். கிளம்புகிற அன்று காலை நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கட்டி வந்தார், நான்கு சுற்றுச் செய்தித்தாள், மேலே சணல். "பொரிச்ச அந்தம்மாவுக்குக் குடு" என்றார். காசு வாங்கவில்லை.

பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. பள்ளி விடுமுறை விட்டதும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. சம்பல் நீதான் வைக்க வேண்டும்.

அன்புடன்,
உன் கோமு