36-வது வாரக் கணக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

குழந்தை எடை எவ்வளவு என்று கேட்டிருந்தேன், பதிலே இல்லை. மாப்பிள்ளையும் போனை எடுப்பதில்லை. சரி, வேலை இருக்கும்.

'பின்னாடி ஆஸ்துமா வருமா அம்மா' என்று கேட்டுவிட்டு நீயே பேச்சை மாற்றினாய். குறைமாதப் பிள்ளைகளுக்கு வரும் நாள்பட்ட நுரையீரல் நோய் (பி.பி.டி.) இவளுக்கு எந்த நிலை என்று டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார். 26 வாரத்தில் பிறந்தவளுக்குக் கர்ப்பக் கணக்கில் 36 முடிவது பிறந்த 10 வாரத்தில். அன்றைக்கு மூச்சுக்கு என்ன துணை இருந்தது? மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வரை என்றால் முதல் நிலை. அதற்கு மேலோ, சிபாப்போ (மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுப்பது) என்றால் இரண்டாவது. தொண்டைக்குள் குழாய் விட்டு வென்டிலேட்டர் என்றால் மூன்றாவது. இவளுக்கு அரை லிட்டர்தான். அப்பா பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது!

அதற்காக அந்த எண்ணை ஜாதகம் மாதிரி பிடித்துக்கொள்ளாதே. முதல் நிலைப் பிள்ளைகளும் பள்ளி வயதில் இழுப்போடு வருவதுண்டு, மூன்றாம் நிலைப் பிள்ளைகள் ஓடியாடுவதும் உண்டு. காற்றுப்பைகளில் பெரும்பங்கு பிறந்த பிறகுதான் உண்டாகிறது. அதனால்தான் எடை, எடை என்று உன்னை நச்சரிக்கிறேன். ஐந்தாறு வயதில் ஸ்பைரோமெட்ரி, அதுதான் நுரையீரலை அளக்கும் ஊதும் சோதனை, ஊதினால்தான் நிஜ அளவு தெரியும். இன்ஹேலர் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுக்கச் சொல். இன்ஹேலருக்கு விரியாத மூச்சுக்குழாய்க் குறுகலும் இவர்களுக்கு உண்டு, அது ஆஸ்துமா இல்லை.

அவள் நன்றாகத் தூங்கும் நாளில் சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணி எழுதி வை. முழு ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணிப் பெருக்காதே, குழந்தை மூச்சு சீராக இருக்காது. அதைவிடக் கூடினால், விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பு. தடுப்பூசி பிறந்த தேதிப்படி, தவழ்வது உட்காருவது மட்டும்தான் திருத்திய வயதுப்படி, அதாவது பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவது. ஆறு மாதம் முடிந்ததும் ஃப்ளூ ஊசி, நாலு வாரம் கழித்து இன்னொன்று. கை கழுவாமல் யாரும் தூக்கக் கூடாது, உன் அத்தை கோபித்தாலும்.

சாம்பிராணி வேண்டாம். கொசுவர்த்தியும் வேண்டாம், வலை கட்டு. பால்கனியில் நின்று பிடித்தாலும் புகை சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். சட்டை மாற்றாமல் தூக்கினால் அவள் மூக்கு அங்கேதான் இருக்கும். சளி பிடித்த நுரையீரலுக்கு அதுவே போதும். நீ அனுப்பிய போட்டோவில் ஜன்னல் திட்டில் அந்த எவர்சில்வர் மூடி தெரிந்தது, சாம்பலோடு. நான் ஒன்றும் கேட்கவில்லை. தொட்டிலை மட்டும் உள் அறைக்கு மாற்று.

சாம்பிராணி சொன்னேன் இல்லையா? இதை மாப்பிள்ளையும் படித்தால் தப்பில்லை. எடையை எழுது.

அம்மா