பாடசாலை இணைப்பும் கவுன்சிலர்களின் சொந்தத் தொடர்பும்

ஆசிரியருக்கு வணக்கம்.

லண்டனில் ஆரம்பப் பாடசாலைகள் மூடப்படுவது, இணைக்கப்படுவது பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், அதனால் மூடுகிறார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடும். மேசையைச் சுற்றியிருந்து அந்த முடிவை எடுக்கிற எட்டு, ஒன்பது கவுன்சிலர்கள் யார், அந்தப் பாடசாலைகளோடு அவர்களுக்கு என்ன தொடர்பு என்று எவரும் எழுதிக் காணவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் இரண்டு பிள்ளைகளும் படித்த பாடசாலையில் நான்கு ஆண்டுகள் பெற்றோர் சார்பில் கவர்னராக, அதாவது பாடசாலை நிர்வாகக் குழு உறுப்பினராக, இருந்தேன். தொழில் கணக்குப் பதிவு. ஆகவே உள்ளூராட்சிச் சபை சொல்லும் கணக்கு எனக்கு விளங்காமல் இல்லை. லண்டனில் 2012இல் 1,34,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 2021இல் அது 1,11,000க்குச் சற்றுக் கீழே போய்விட்டது. பாடசாலைக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் வருகிறது. முப்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பதினேழு பேர் இருந்தாலும் ஆசிரியருக்கு அதே சம்பளம், கட்டடத்தைச் சூடாக்க அதே செலவு. எங்கள் பாடசாலையை அரை மைல் தள்ளியிருக்கும் இன்னொன்றோடு இணைக்கும் திட்டம் வந்தபோது, அது வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிக்கையை மூன்று தடவை வாசித்தேன். இரண்டு கட்டடங்களில் எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் எனக்குக் கேள்விகள் இருந்தன.

முடிவெடுக்கும் கபினட், அதாவது சபையை நடத்தும் கவுன்சிலர்கள் குழுவின் கூட்டம் ஒரு மாலை ஏழு மணிக்கு நடந்தது. பார்வையாளர் பகுதியில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மம்மா இருந்தார். இரண்டு பேரப்பிள்ளைகளையும் தினமும் நடத்திக் கூட்டிக்கொண்டு வருபவர். நிகழ்ச்சி நிரலில் இரண்டாவது விடயம், உறுப்பினர்கள் தங்கள் நலன் தொடர்புகளை அறிவிப்பது. தலைவர் ஏதோ கேட்டார். "என்ன கேட்கிறார் பிள்ளை?" என்றார் அம்மம்மா. "இந்த விடயத்தில் சொந்தத் தொடர்பு உள்ளவர்கள் சொல்ல வேண்டுமாம்" என்று தமிழில் நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் எழுந்து, தன் மனைவி எங்கள் பாடசாலையில் ஆசிரியை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மற்றவர்கள் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மூன்றாவது விடயத்துக்குப் போய்விட்டார்.

போனவர் நேர்மையாக நடந்துகொண்டார், அந்த விடயத்தில் பங்கெடுக்கக் கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. ஆனால் அந்த மேசையில் எங்கள் பாடசாலைக்குள் கால் வைத்தவர் அவர் ஒருவர்தான். இன்னொரு கவுன்சிலர் அன்று வரவே இல்லை. பெற்றோர் கூட்டமொன்றில் "எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை" என்று சொன்னதற்காக, வாக்களிக்காமல் இருப்பதே நல்லது என்று அவருக்கு ஆலோசனை சொல்லியிருந்தார்களாம். மிஞ்சிய ஆறு பேரும் திட்டத்தை ஒருமனதாக ஏற்றார்கள். மற்றக் கட்டடம் இருக்கும், எங்களுடையது மூடப்படும்.

அன்றிரவு சபையின் இணையத்தளத்தில் உறுப்பினர்களின் நலன் பதிவேட்டைத் திறந்தேன். அந்த ஆறு பேரில் ஒருவர் மற்றப் பாடசாலையின் கவர்னர் குழுத் தலைவர். அவர் அதை மறைக்கவில்லை, பதிவேட்டில் ஒழுங்காக எழுதியிருக்கிறார். ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. அவர் மனச்சாட்சிப்படிதான் வாக்களித்திருப்பார் என்று நான் நம்பத் தயார். அந்த அம்மம்மாவை எப்படி நம்பவைப்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடி வாசித்தேன். இங்கிலாந்தில் இதற்கு அடிப்படை 2011ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டம். கவுன்சிலரின் தொழில், காணி, ஒப்பந்தம், பங்குகள் போன்ற பணத் தொடர்புகளை, தெரிவாகி 28 நாட்களுக்குள் சபையில் இந்த விதிகளைக் கவனிக்கும் அதிகாரியான மொனிட்டரிங் ஒஃபிசரிடம் அறிவிக்க வேண்டும். அப்படித் தொடர்புள்ள விடயத்தில் பேசவோ வாக்களிக்கவோ கூடாது. தக்க காரணமில்லாமல் மீறினால் அது குற்றம், நீதிமன்றம் ஐந்து ஆண்டுகள் வரை பதவிக்கு வரத் தடை போடலாம். கடுமையான சட்டம்தான். ஆனால் அது பார்ப்பது கவுன்சிலரையும் அவருடைய கணவன், மனைவி அல்லது அப்படிச் சேர்ந்து வாழும் துணையையும் மட்டும். மகள் அங்கே படிப்பிக்கிறாரா, தம்பியின் பிள்ளைகள் எந்தப் பாடசாலை என்பதெல்லாம் அந்தக் குற்றப் பிரிவுக்குள் வராது. சம்பளம் வாங்காத கவர்னர் தலைவர் பதவியும் வராது.

அதையெல்லாம் ஒவ்வொரு சபையின் நடத்தை நெறிமுறைதான் பார்க்க வேண்டும். சபைகளின் கூட்டமைப்பான உள்ளூராட்சிச் சங்கம் 2020 டிசம்பரில் ஒரு மாதிரி நெறிமுறையை வெளியிட்டது. உறவினர், நெருங்கியவர்கள், கவுன்சிலர் நிர்வாகத்தில் இருக்கும் பொது அமைப்புகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அதை அப்படியே ஏற்க வேண்டும் என்று சபைகளுக்குக் கட்டாயம் இல்லை. மீறினாலும், முன்பு இருந்த இடைநிறுத்தும் அதிகாரம் 2011 சட்டத்தோடு போய்விட்டது. வேல்ஸில் அப்படி இல்லை. அங்கே முறைப்பாடுகளை விசாரிக்கும் சுதந்திர அதிகாரியான ஒம்புட்ஸ்மன் விசாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினால், ஒரு கவுன்சிலரை ஓர் ஆண்டு வரை இடைநிறுத்த முடியும்.

எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. அதே 2011 சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒரு கவுன்சிலர் முன்கூட்டித் தன் கருத்தைச் சொன்னார் என்பதற்காக மட்டும் அவர் மனத்தை மூடிக்கொண்டவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக வீட்டில் இருக்கச் சொல்லப்பட்ட அந்தப் பெண் கவுன்சிலர் வந்திருக்கலாம், வாதங்களைக் கேட்டுவிட்டு வாக்களித்திருக்கலாம். அதே போல 33ஆம் பிரிவின்படி, ஆசிரியையின் கணவர் விதிவிலக்குக் கேட்டு எழுதியிருக்கலாம். அப்பகுதி மக்களின் நலனுக்காக, வாக்களிக்காவிட்டாலும் பேசவாவது சபை அவரை அனுமதித்திருக்க முடியும். எங்கள் பக்கத்தை அறிந்த இருவர் விலக, மற்றப் பக்கத்தை நடத்துகிறவர் இருந்து வாக்களித்தார். விதி எழுதப்பட்டதன் நோக்கம் இதுவாக இருக்க முடியாது.

2001 டிசம்பரில் போர்ட்டர் எதிர் மகில் வழக்கில் அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒரு அளவுகோல் வைத்தார்கள். விவரம் அறிந்த, நியாயமான ஒரு பார்வையாளருக்குப் பக்கச்சார்பு இருக்க உண்மையான வாய்ப்பு இருப்பதாகத் தோன்றுமா என்பதே கேள்வி. அந்தப் பார்வையாளர் வானத்திலிருந்து இறங்கி வரப் போவதில்லை. என் பக்கத்தில் இருந்த அம்மம்மாவிடம் விவரத்தை முழுதாகச் சொல்லியிருந்தால் அவரே போதும்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. பாடசாலை இணைப்புத் திட்டம் கருத்துக்கேட்புக்கு வரும் நாளிலேயே, முடிவெடுக்கப் போகும் ஒவ்வொரு கவுன்சிலரிடமும் பாடசாலையின் பெயரைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்கள் பிள்ளை, பேரப்பிள்ளை அங்கே படிக்கிறார்களா? குடும்பத்தில் எவராவது வேலை செய்கிறார்களா? கவர்னராக இருக்கிறீர்களா? பக்கத்தில் வீடு, காணி இருக்கிறதா? பதில்களை அறிக்கையின் பின்னிணைப்பில் போடுங்கள். கருத்துக்கேட்புக்கும், பிறகு அறிவித்தல் வந்தபின் ஆட்சேபம் தெரிவிக்கத் தரப்படும் நான்கு வாரங்களுக்கும் இடையில் எத்தனையோ மாதங்கள் போகின்றன. யார் விலக வேண்டும், யாருக்கு விதிவிலக்குத் தேவை என்று அமைதியாக யோசிக்க அது தாராளமாகப் போதும். கூட்டம் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் தீர்க்கிற காரியமா இது? கவுன்சிலர்களுக்கும் இது பாதுகாப்பு. கவர்னராக ஊழியம் செய்கிற ஒருவர் பின்னால் பேச்சு வாங்க வேண்டியதில்லை.

நம் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று வந்திருந்தவர்களில் தமிழர்கள் பத்துப் பேராவது இருப்போம், ஒருவரும் பேசப் பதியவில்லை, நான் உட்பட. உங்கள் சபையின் நலன் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கலாம், ஒவ்வொரு கவுன்சிலரின் பெயருக்குக் கீழும் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே பாருங்கள். சந்தேகம் இருந்தால் மொனிட்டரிங் ஒஃபிசருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நான் பார்த்தது முடிவு எடுத்த பிறகு.

கூட்டக் குறிப்பில் நலன் அறிவிப்பின் கீழ் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. இரண்டாவது பெயர் ஏன் இல்லை என்று கேட்டு இரண்டு தடவை எழுதிவிட்டேன். பதில் கிடைத்தால் அதையும் உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பெற்றோர் கவர்னர் ஒருவர்,
லண்டன்