ஏலத்துக்கு முந்தின ராத்திரி

அன்புள்ள பாப்பா,

வியாழக்கிழமை சீட்டைத் தள்ளி எடுத்து ஸ்கூட்டர் வாங்கப் போவதாக நேற்று போனில் சொன்னாய். சரி என்று வைத்துவிட்டேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

1999-இல் நானும் ஒரு ஏலச்சீட்டில் இருந்தேன். 20 பேர், மாதம் 1,000 ரூபாய். சேரும் 20,000-இல் யார் அதிகம் விட்டுக்கொடுக்கிறாரோ, அதாவது தள்ளுகிறாரோ, அவருக்குத்தான் அந்த மாதச் சீட்டு. உலகக் கோப்பை வருகிறது, கலர் டிவி வேண்டும் என்று உன் அப்பாவுக்கு ஒரே ஆசை. எதுவரை தள்ளலாம் என்று வீட்டில் யோசிக்காமலே மூன்றாவது மாத ஏலத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரில் இருந்தவர் 4,000 என்றார், நான் 4,500 என்றேன். அவர் ஏற்ற ஏற்ற நானும் ஏற்றினேன். ஐந்தே நிமிடம். 6,000 தள்ளி, 14,000-ஐ வாங்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதத் தவணை போச்சு! நான் தள்ளியதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 1,000 போக மீதி 5,000, தலைக்கு 250 கழிவாக எல்லோருக்கும் போனது. கடைசி மாதம் எடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு 19,000 கிடைத்தது. இந்தியா சூப்பர் சிக்ஸோடு வெளியேறியது வேறு கதை.

அதற்காகக் கடைசி வரை காத்திரு என்று சொல்லவில்லை. 2007-இல் உனக்குக் குடல்வால் ஆபரேஷன். மறுநாள் 50,000 ரூபாய்ச் சீட்டு ஏலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன். வெளியே 38,000 கடன் வாங்கினால் நூற்றுக்கு 5 வட்டி, மாதம் 1,900. ஏழே மாதத்தில் 13,000-ஐத் தாண்டிவிடும். 12,000 வரை தள்ளலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது என்று முடிவு செய்துதான் போனேன். 10,000-க்கே முடிந்தது. டிவிக்குத் தள்ளியதைவிட அதிகம்தான், ஆனால் இன்றுவரை வருத்தமில்லை.

'பதறாத காரியம் சிதறாது' என்பார் உன் தாத்தா. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பதும் அவரேதான்!

உனக்கு இப்போது வாட்ஸ்அப்பிலேயே ஏலம், விரல் இன்னும் வேகமாக ஓடும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வர ஆட்டோவுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறாய், சீட்டு முடிய இன்னும் எத்தனை மாதம், எவ்வளவு தள்ளினால் கட்டுப்படியாகும் என்று ஒரு தாளில் எழுது. 2019-இல் கமிஷன் வரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக்கிவிட்டார்கள், அதையும் கேட்டுக்கொள். எழுதியதை மறுநாள் காலையில் எடுத்துப் பார்.

புதன்கிழமை ராத்திரி கூப்பிடு. எவ்வளவு வரை போவாய் என்று மட்டும் சொல், வேறெதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா