கிணற்றில் தூக்கிப் போடுவதா வைத்தியம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் பிள்ளைகளின் பயம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். "கிணற்றில் தூக்கிப் போட்டால் பிள்ளை தானாக நீந்தும், இதற்குத்தான் எக்ஸ்போஷர் தெரபி என்று பெயர் வைத்துக் காசு பிடுங்குகிறார்கள்" என்று அதில் ஒரு வரி. பயப்படுவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் சிகிச்சைக்குத்தான் அந்தப் பெயர். வாரம் முழுக்க அந்த வரி தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

முதலில் கிணறு. எனக்கு நீச்சல் பழக்கியவர் என் தாய்மாமா. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இரண்டு நாள் படியில் உட்காரவைத்துக் காலை மட்டும் நனைக்கச் சொன்னார். அப்புறம் இடுப்பளவு. குடுக்கையை அவிழ்த்த அன்றும் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தார். கட்டுரையாளர் தெரபியை மட்டுமல்ல, கிணற்றையும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

என் மகன் வீட்டில் வாயாடி, வகுப்பில் ஊமை. நான்காம் வகுப்பில் அவன் கூச்சத்தைப் போக்கப் பள்ளியில் உங்கள் கட்டுரை வழியையே கையாண்டார்கள். காலை வணக்கத்தில் மேடையேற்றிக் குறள் சொல்லச் சொன்னார்கள். கால்சட்டையை நனைத்துக்கொண்டு நின்றான். பள்ளியே சிரித்தது. அப்புறம் இரண்டு மாதம் பள்ளிப் பக்கமே போகவில்லை. என் மாமியார் தாயத்து கட்டினார். நானோ கடையிலும் உறவினரிடமும் அவனுக்குப் பதிலாக நானே பேசினேன். பாசம் என்று நினைத்து அவன் பயத்துக்குத் தீனி போட்டிருக்கிறேன் என்பது அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போன பிறகுதான் புரிந்தது. அங்கே ஐந்து மாதத்தில் ஒரு ரூபாய் பிடுங்கவில்லை.

பயங்களை அவனையே எழுதவைத்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடச் சொன்னார்கள். பால் பாக்கெட் கேட்பது இரண்டு. பஸ்ஸில் டிக்கெட் கேட்பது நான்கு. டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம். அவனுடைய அரை டிக்கெட்டை அவன்தான் கேட்க வேண்டும். முதல் சனிக்கிழமை வாயே வரவில்லை, இறங்கி நடந்தோம். உளவியலாளர் திட்டவில்லை, படியைப் பாதியாக்கினார்: காசை நீட்டி ஊர்ப் பெயர் மட்டும். "திருத்தங்கல்" என்று அவன் சொன்ன அன்று கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

உங்களுக்குத் தெரியாததில்லை. மூன்று வயது நிரம்பாத பீட்டர் என்ற சிறுவனின் முயல் பயத்தை உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் போக்கியது 1924-லேயே வெளிவந்துவிட்டது. பிள்ளை சாப்பிடும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்தினார், மடியில் எறியவில்லை. 2008-ல் அமெரிக்காவில் 488 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சையில் நூற்றுக்கு அறுபது பேர் தேறினார்கள். சிகிச்சையோடு மருந்தும் சேர்ந்தபோது எண்பது பேர். எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் தள்ளச் சொல்லவும் இல்லை.

ராசிபலனுக்கு முழுப் பக்கம், தேர்வு பயத்துக்கு லேகிய விளம்பரம், மனநல மருத்துவருக்கு இடமில்லை. போன வருடம் பள்ளிகளில் ஆலோசகர் இல்லாததைப் பற்றி ஏழு வரி எழுதினேன். "தங்கள் இணைப்பு அருமை" என்ற முதல் வரியை மட்டும் போட்டீர்கள். நன்றி.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். கூடவே, இலவச மனநல உதவிக்கு டெலி மனஸ் எண் 14416 என்று ஒரு சின்னக் கட்டம். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு தாய், சிவகாசி

பி.கு.: கடிதத்தை வெட்டுவீர்கள் என்று தெரியும். சுரைக்குடுக்கையை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.