செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும், பெற்றோருக்கும் வணக்கம்.

2024 ஜூன் முதல் 2025 மே வரை நம் சங்கம் செய்த பணிகளை இங்கே வைக்கிறேன். நிர்வாகக் குழு 4 முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பணி நிறைவு பெற்ற உறுப்பினர்களுக்குப் பாராட்டு விழா சென்ற மாதமே நடந்தது. அதைப் பற்றி மீண்டும் சொல்லத் தேவையில்லை. அறிக்கையின் மீதிப் பகுதி முழுவதும், மாற்றுத்திறன் மாணவருக்கும் கற்றலில் தடுமாறும் மாணவருக்கும் வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியர்கள் சேர்ந்து பேசும் இரண்டாம் சனிக்கிழமைக் கூடல்களைப் பற்றியது.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். "பயிற்சி நிறைய வாங்கியாச்சு. திங்கட்கிழமை காலையில வகுப்புக்குள்ள போனா அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யணும்னு மட்டும் தெரியல" என்றார். அவர் சொன்னது உண்மை. ஆண்டுக்கொரு முறை மண்டபம் பிடித்து, பேச்சாளரை அழைத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் கருத்தரங்கை நிர்வாகக் குழு இந்த ஆண்டு நிறுத்தியது. பதிலாக மாதம் ஒருமுறை, மதியம் இரண்டு மணி நேரம், வட்டார வள மையத்தில் கூடினோம். பேச்சாளர் இல்லை. வகுப்பாசிரியர் ஒருவர் தன் மாணவர் ஒருவரின் நோட்டை, பெயர் எழுதிய அட்டையை மறைத்துக் கொண்டுவர வேண்டும். மாற்றுத்திறன் மாணவருக்குக் கற்பிக்க அந்தப் பள்ளிக்குப் போகும் சிறப்பாசிரியர் பக்கத்தில் உட்கார வேண்டும். விதி இவ்வளவுதான்.

இது ஏன் தேவைப்பட்டது என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் பட்டியலிட்டது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசமும், படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் மட்டும் வரும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் அதில் இடம்பெற்றன. நாம் 'மந்தம்', 'கவனமில்லை' என்று எழுதிவைத்த பிள்ளைகளில் பலர் அந்தப் பட்டியலுக்குள் வருகிறவர்கள். பி.எட். படிப்பு இரண்டாண்டு ஆனபோதுதான், எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் 'உள்ளடக்கிய பள்ளி' பற்றிய பாடம் அதில் சேர்ந்தது. அதற்கு முன் படித்து வந்த என்னைப் போன்றவர்கள் இதை வேலையில் இருந்துகொண்டேதான் கற்க வேண்டும்.

ஆகஸ்ட் கூடலைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தமிழ் நோட்டு வந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. 'கொடி' என்பது 'காடி' என்றும், 'தேன்' என்பது 'தன்' என்றும், 'மொட்டு' என்பது 'மாட்டு' என்றும் இருந்தன. "எதுவுமே வரமாட்டேங்குது" என்றார் வகுப்பாசிரியர். சிறப்பாசிரியர் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "சார், மெய் எல்லாமே சரியா இருக்கு. முன்னால வர்ற கொம்பு மட்டும்தான் விடுபடுது" என்றார்.

அறை அமைதியானது. 'கொடி' என்று சொல்லும்போது வாய் முதலில் 'க்' என்கிறது, 'ஒ' பிறகு வருகிறது. எழுதும்போதோ முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். ஒலிக்கு ஒரு வரிசை, கைக்கு வேறொரு வரிசை. அந்தப் பிள்ளை காதில் கேட்ட வரிசையிலேயே எழுதத் தொடங்கியிருக்கிறாள். தொடக்கத்திலேயே கொம்பு போய்விடுகிறது. நாம் நாற்பது தவறு என்று எண்ணியிருந்தோம். அவள் செய்தது ஒரே தவறுதான்.

ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளை வைத்து எழுதிய கையேடுகள் 'பி' (b), 'டி' (d) எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பிப்போவதைப் பற்றியே பேசும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் வேறு: கொம்பு, ஒற்று, 'படிச்சான்' என்று பேசிவிட்டு 'படித்தான்' என்று எழுத வேண்டிய தூரம். க என்ற ஒரே எழுத்து கடலில் ஒருவிதமாகவும் தங்கத்தில் ஒருவிதமாகவும் பகலில் இன்னொரு விதமாகவும் ஒலிப்பதும் அப்படித்தான். ண, ந, ன மாறுவதை மட்டும் வைத்துக் கற்றல் குறைபாடு என்று முடிவுகட்டக் கூடாது என்பதையும் அன்று பேசினோம்; அது பேச்சுவழக்கால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவது. குறைபாடு உண்டா என்று சொல்ல வேண்டியவர்கள் முறையாகச் சோதிக்கும் வல்லுநர்கள். தவறு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பது நம் வேலை.

கொம்பை மட்டும் வேறு நிற அட்டையில் வெட்டி, அவளே எடுத்து வைத்து, வாய்விட்டுச் சொல்லி, மணலில் விரலால் எழுத வைத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரே குறி. நவம்பரில் அதே நோட்டு திரும்ப வந்தபோது ஒற்றைக் கொம்பு பெரும்பாலும் சரியாக இருந்தது. இரட்டைக் கொம்பு இன்னும் வரவில்லை, வேலை நடக்கிறது.

என் வகுப்பில் பல ஆண்டுகளுக்கு முன் இதே தவறைச் செய்த ஒரு மாணவனுக்கு ஐம்பது முறை இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன். கொம்பில்லாமலே ஐம்பது முறையும் எழுதி வந்தான். அதற்கும் அடித்தேன். இதை இந்த அறிக்கையில் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மற்ற கூடல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செவித்திறன் குறைந்த மாணவருக்காகப் பேசிய நாளில், கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் சொல்லும் நம் பழக்கம்தான் முதல் தடை என்று தெரிந்தது. எழுதி முடித்து, திரும்பி, முகம் தெரியப் பேசினால் பாதிச் சிக்கல் தீரும். காதொலிக் கருவி போட்டிருந்தாலும் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகக் கேட்கும் என்பதால் இருக்கையை மாற்றிப்போட வேண்டும். வலிப்பு பற்றிய கூடலுக்குச் சத்துணவுப் பணியாளர்களையும் அழைத்தோம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. இரும்பு எதையும் நிறுத்தாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், மணியைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. டிசம்பர் கூடல் மழையால் நடக்கவில்லை.

பிப்ரவரியில் பெற்றோர் வந்தார்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் இருப்பதே பத்தாம் வகுப்பின் நடுவில்தான் தனக்குத் தெரியவந்தது என்று ஒரு தாய் சொன்னார். மருத்துவச் சான்றுக்கு அலைந்து முடிப்பதற்குள் விண்ணப்பிக்கும் நாள் கடந்துவிட்டதாம். எட்டாம் வகுப்பிலேயே பெற்றோரை அழைத்துச் சொல்வது நம் கடமை என்று அன்றே முடிவெடுத்தோம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் மிகக் குறைவாகவே வந்தார்கள். பாடத்தை முடிக்கும் அவசரம் புரிகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவதில்லை, அங்கேதான் வருகிறார்கள். இன்னொன்று சிறப்பாசிரியர்களைப் பற்றியது. தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னது. நம் வட்டாரத்தில் ஒருவரே பல பள்ளிகளுக்கும், வீட்டுவழிக் கல்வி பெறும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் தொகுப்பூதியத்தில் பஸ் ஏறிப் போய்வருகிறார். சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க அவர்களுக்குத் தொடர்கல்விப் புள்ளிகள் வேண்டும். நம் கூடலுக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு கூடலைக்கூட அவர்கள் விட்டதில்லை. அவர்களுக்குச் சங்கம் கொடுத்தது பஸ் கட்டணமும் தேநீரும்தான்.

எனவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். சிறப்பாசிரியர் பள்ளிக்கு வரும் நாளில் வகுப்பாசிரியருக்கு ஒரு பாடவேளை ஒதுக்கித் தர வேண்டும் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்வது முதலாவது. இருவரும் சேர்ந்து உட்கார நேரமில்லாமல் எந்தப் பயிற்சியும் வகுப்புக்குள் போய்ச் சேராது. சிறப்பாசிரியர் பணியிடங்களை நிரந்தரமாக்கி எண்ணிக்கையை உயர்த்தக் கோரி அரசுக்கு மனு அளிப்பது இரண்டாவது. வரும் ஆண்டில் மூன்று கூடல்களை மேல்நிலைப் பள்ளி வளாகங்களிலேயே நடத்துவது மூன்றாவது.

அடுத்த கூடல் ஜூலை இரண்டாம் சனிக்கிழமை, மதியம் 2 மணி. மாணவரின் கணக்குப்பாட நோட்டு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்