ஆகஸ்ட்ல முடியற தேர்தலைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன அமெரிக்க தேர்தல் சமயத்துல நம்ம பத்திரிகைல மிச்சிகன் பத்தி நிறைய வந்துச்சு, இழுபறி மாநிலம், 2016ல ட்ரம்ப் வெறும் 10,704 ஓட்டுல ஜெயிச்சாரு, 2020ல பைடன் பக்கம் போச்சு, 2024ல மறுபடி ட்ரம்ப்புன்னு எல்லாம் சரியாத்தான் எழுதியிருந்தீங்க. ஆனா இங்க மிச்சிகன்ல கேன்டன்ல ஓட்டு போடற ஒருத்தியா எனக்கு ஒரு பெரிய குறை, எழுதுனது பூரா நவம்பர்ல நடக்கற பொதுத்தேர்தலைப் பத்தி மட்டும்தான். மாநிலம்தான் இழுபறி, தொகுதிங்க அப்படி இல்லைங்க. மாநில சட்டசபைல கீழ்சபையான ஹவுஸ்ல 110 சீட், மேல்சபையான செனட்ல 38, இதுல முக்கால்வாசி இடத்துல எந்தக் கட்சி ஜெயிக்கும்னு முன்னாடியே எல்லாருக்கும் தெரியும், அங்கெல்லாம் ஆகஸ்ட் மாசம் அந்தக் கட்சிக்குள்ள வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கற பிரைமரி தேர்தல்ல யாரு ஜெயிக்கறாங்களோ அவங்கதான் உறுப்பினர், நவம்பர் சும்மா பேருக்குத்தான்.

டெட்ராய்ட் பக்கம் 13வது காங்கிரஸ் தொகுதியை, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கோங்க. 2022 டெமாக்ரட் பிரைமரில 9 பேர் நின்னாங்க, ஸ்ரீ தானேதார் சுமார் 28 சதவீதம் வாங்கி ஜெயிச்சாரு, நவம்பர்ல அதே மனுஷன் 70 சதவீதத்துக்கு மேல வாங்கி வாஷிங்டன் போயிட்டாரு. அவரு மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல, பெல்காம் பக்கத்துல இருந்து வந்தவர் ஜெயிச்சதுல சந்தோஷம்தான். ஆனா ஜார்ஜியால 50 சதவீதம் வரலேன்னா முதல் ரெண்டு பேருக்கு மறுபடி தேர்தல் வெப்பாங்க, இங்க அது கிடையாது, கூடுதலா யாரு வாங்குனாங்களோ அவங்கதான். கறுப்பின மக்கள் இவ்வளவு பேர் இருக்கற டெட்ராய்டுக்கு காங்கிரஸ்ல ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லாம போனது 1955க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை, அதுவும் முடிவானது ஆகஸ்ட்லயேதான்.

மாநில சீட்டுலயும் இதே கதைதான் கோர்ட் வரைக்கும் போச்சு. 2018ல மக்களே ஓட்டு போட்டு, தொகுதி எல்லையை கட்சிக்காரங்க போடக்கூடாது, 13 பேர் கொண்ட பொதுமக்கள் கமிஷன்தான் போடணும்னு கொண்டுவந்தாங்க, நல்ல விஷயம்தான். ஆனா அந்தக் கமிஷன் போட்டதுல டெட்ராய்ட் சுத்துவட்டாரத்துல 13 தொகுதி, இனத்தை வெச்சு பிரிச்சிருக்காங்கன்னு 2023 டிசம்பர்ல ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. அதுல எனக்கு முக்கியமா பட்டது என்னன்னா, கோடு போட்டவங்க நவம்பர் தேர்தல் கணக்கை வெச்சுதான் பாத்திருக்காங்க, கறுப்பின மக்கள் பிரைமரில யாரை நிறுத்த நினைக்கறாங்கன்னு காட்டற சரியான கணக்கு அவங்க கையில இல்ல. நவம்பரை மட்டும் பாத்தா என்ன ஆகும்னு இதைவிட தெளிவா சொல்ல முடியுமாங்க? ஹவுஸ் தொகுதிகளை 2024க்கு மாத்திட்டாங்க, செனட்டோட புது எல்லை 2026ல தான் மொதல்ல வருது.

இவ்வளவு முக்கியமான தேர்தலுக்கு 2022ல, நவம்பர்ல வந்தவங்கள்ல பாதி பேர்கூட ஆகஸ்ட்ல வரல. நம்ம ஆளுங்க பாதி பேர் அந்த நேரம் பசங்க லீவுக்கு ஊருக்குப் போயிருப்பாங்க, தபால் ஓட்டு வசதி இருந்தும் யாரும் கேக்கறதில்ல. இன்னொண்ணு, பேலட்டே, அதாவது ஓட்டுச்சீட்டே பலருக்குப் புரியல. இங்க கட்சில பதிவு பண்ணத் தேவையில்ல, ஒரே தாள்ல ரெண்டு கட்சிக்கும் தனித்தனி காலம் (column) பக்கத்து பக்கத்துல இருக்கும், ஏதாவது ஒண்ணுல மட்டும்தான் போடணும். 2024ல எங்க மாமியார் டைனிங் டேபிள்ல உக்காந்து தபால் பேலட்டை நிரப்புனாங்க, மேல அமெரிக்க செனட்டுக்கு ஒரு கட்சி காலம்ல வட்டத்தை கறுப்பாக்கிட்டு, கீழ டவுன்ஷிப் (உள்ளாட்சி) பதவிக்கு அடுத்த காலம்ல, பொங்கல் விழாவுக்கு வந்து அவங்ககூட போட்டோ எடுத்துக்கிட்டவர் பேருக்கு போட்டுட்டாங்க. நல்லவரா பாத்துதானே போட்டேன்னு கேக்கறாங்க, அதுல என்ன தப்பு, ஊர்ல தலைமை லிஸ்ட் விட்டா அதுதான் வேட்பாளர்னு பாத்து வளர்ந்தவங்க. ஆனா அப்படி கலந்து போட்டா கட்சி பகுதி மொத்தமும் செல்லாது, ஜட்ஜ், பள்ளி வரி மாதிரி கட்சி சாராத பகுதி மட்டும்தான் எண்ணுவாங்க. பூத்ல போட்டா மெஷின் எச்சரிக்கை காட்டும், வீட்ல போட்டு கவரை ஒட்டிட்டா யாரு சொல்லுவா? நல்லவேளை ஒட்டறதுக்கு முன்னாடி பாத்ததால டவுன்ஷிப் கிளார்க் ஆபீஸ்ல சொல்லி வேற பேலட் வாங்கிட்டோம்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதுதான், 2026 ஆகஸ்ட் 4 பிரைமரில மாநில செனட்டோட 38 சீட்டும் ஹவுஸோட 110 சீட்டும் ஒண்ணா வருது, எந்தத் தொகுதில யார் யார் நிக்கறாங்க, பேலட்டை எப்படி நிரப்பணும்னு படத்தோட ஒரு பக்கம் போடுங்க. ஜூன் கடைசிலயே தபால் பேலட் வீட்டுக்கு வர ஆரம்பிச்சுடும், ஜூலை இதழ்ல வந்தா பல பேர் அதுக்குள்ள நிரப்பி அனுப்பிடுவாங்க, ஜூன் இதழ்லயே வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேன்டன், மிச்சிகன்