மட்டக்களப்புப் படுவான்கரையில் சங்கீதம் கற்பிக்கும் மகளுக்கு

காரைதீவு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எட்டாம் தரத்துப் பிள்ளைகள், "எங்களுக்குச் சங்கீதம் வராது டீச்சர்" என்று சொல்லிக் கொப்பியை மூடிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படுவான்கரைப் பிள்ளைகள் அப்படிச் சொன்னால் நான் நம்பமாட்டேன். வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் களரியேறும் ஊர்களில், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளத்தைத் தாய் மடியில் கிடந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தாளம் புதிதல்ல. நீ கரும்பலகையில் எழுதிப்போடும் லகு, துருதம் என்ற தாள உறுப்புகளே அவர்களை மிரட்டுகின்றன.

ஆகையால் ஆதிதாளத்தை எழுதிக் காட்டித் தொடங்காதே. வைகாசியில் கண்ணகியம்மன் கோயிலில் கேட்டதோ, வசந்தன் ஆட்டத்தில் கோலடித்துப் பாடியதோ, அவர்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை முதலில் பாடச் சொல். வகுப்பு முழுவதும் ஒரே சீராகக் கைதட்டத் தொடங்கியதும், அந்த வேகம் குலையாமல், ஒரு தட்டு, சுண்டுவிரலில் இருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பின் தட்டி வீசுவது இருமுறை என எட்டு அட்சரங்களையும் கைக்குப் பழக்கிவிட்டு, அதன் பெயரைக் கடைசியில் சொல். ஸ ரி க ம என்று ஏறி இறங்கும் சரளி வரிசையையும் அப்படியே தாளத்தில் ஏற்று. கை முன்போலவே நிற்க, வாய் மட்டும் இரண்டாங் காலத்தில் இரட்டிப்பாக ஓடும்போது பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிடும்; யார் தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே இன்னொரு முறை கேட்பார்கள்.

பின்வரிசை வாங்கில் இருக்கும் பையன்களைக் கவனமாகக் கையாள வேண்டும். 13, 14 வயதில் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் ஆண்பிள்ளையின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ஸவிலிருந்து கீழ் ஸ வரையான அளவு, கீழே இறங்கும். பெண்பிள்ளைகளுக்கு வைத்த சுருதியிலேயே அவனையும் மேல் ஸட்ஜம் (ஸ) வரை பாடச் சொன்னால், குரல் பிசிறி, வகுப்பு சிரித்து, அதன்பின் அவன் வாயே திறக்கமாட்டான். குரல் நிலைக்கும் வரை ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குள் (ப) அவனுக்கு வசதியான சுருதியில் மெதுவாகப் பாடட்டும். தனியாகப் பாடச் சொல்லி எழுப்பிவிடாதே.

"இதைப் படித்து என்ன பிரயோசனம்?" என்று கணக்கில் கெட்டிக்காரன் ஒருவன் கேட்பான். அவனிடம் ஒரு பலகையும் இரண்டு ஆணிகளும் கொஞ்சம் தங்கூசி நைலோன் நூலும் கொடு. ஆணிகளுக்கிடையே 60 சென்ரிமீற்றர் இழுத்துக் கட்டி, 30இல் குச்சியை வைத்து மீட்டினால் மேல் ஸட்ஜமும், 40 சென்ரிமீற்றர் நீளத்தை மீட்டினால் பஞ்சமமும் கேட்கும் என்பதை அவனே அளந்து கண்டுபிடிக்கட்டும். நம் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகளும் விஞ்ஞானம் படித்தவர்தாம். 1947இல் வெளிவந்த, பழந்தமிழ் இசை பற்றிய தம் யாழ் நூலில் சுருதிகளைக் கணக்கிட்டே ஆராய்ந்தார். இதைச் சொல்லிவை, அந்தப் பையன் பிறகு உன் பக்கம்தான்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்குக் குரல்வளமுள்ள இருவரைத் தெரிவுசெய்து, தவணை முழுவதும் அவர்களையே பயிற்றும் வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. போட்டிக்குப் பாடசாலை முடிந்தபின் பழக்கு. பாடவேளை மற்றப் பிள்ளைகளுக்கும் உரியது.

உன் ஊர் அண்ணாவியாரை ஒருநாள் வகுப்புக்கு அழைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் அழை. ஆனால் அதிபரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்று, வெற்றிலை வைத்து முறையாக அழைத்து, பக்கத்து வகுப்பில் பரீட்சை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்; மத்தளச் சத்தம் நாலு கட்டடம் தாண்டிக் கேட்கும்.

இப்படிக்கு,
அப்பா